சினிமாக் கையுறையும் கம்பெனிப் பட்டையும்

1

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடையில் கையுறை ஒன்றை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த நண்பர் கேட்டார்: ‘என்ன தோழர், பொம்மையப் பத்தியும் கட்டுரை எழுதப் போறீங்களா?’ கேலிதான். ஆனால் கேலிக்குப் பின்னால் நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் ஒரு பாகுபாடு இருக்கிறது. சினிமாவைப் பற்றிப் பேசலாம்; சினிமா ஒரு பிரதி, அதற்குள் கருத்தியல் இயங்குகிறது. சினிமாவிலிருந்து உதிர்ந்து தெருவுக்கு வருகிற பிளாஸ்டிக் சாமானைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கையுறை சிவப்பும் மஞ்சளும் கலந்தது. ‘அயர்ன் மேன்’ என்கிற அமெரிக்கப் படத்தின் நாயகன் அணியும் இரும்புக் கையின் நகல். மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கினால் உள்ளங்கை நடுவில் வெள்ளை வெளிச்சம் எரியும், ‘விர்ர்’ என்று சத்தமும் வரும். மகனுக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். வீடு வரும்வரை என் கையில்தான் இருந்தது.

அன்றைக்குத் தங்கை வந்திருந்தாள். சித்தி மகள், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை, பூந்தமல்லிக்கு அருகே விடுதி. வார லீவுக்கு அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வருவாள். கையுறையை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘எங்க கம்பெனியிலயும் கையில ஒண்ணு மாட்டுவோம்ணா. இது வெளிச்சம் குடுக்குது. அது நம்ம உடம்புல இருக்கறத எடுத்துக்கும்.’

அவள் சொன்னதை விளங்கிக்கொள்ளும் முயற்சிதான் இக்கட்டுரை.

2

அம்பத்தூர் எஸ்டேட் 1960களில் உருவானது. அங்கே மெஷின்களின் கண்ட்ரோல் போர்டுகளை ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கையுறையைக் கொண்டுபோனேன். நாலு திருகாணிகளைக் கழற்றி இரண்டாகப் பிளந்து வைத்தார். உள்ளே இருந்தவை இவ்வளவுதான்: சின்ன பென்சில் பேட்டரி மூன்று, எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, நாணயம் அளவுக்கு ஸ்பீக்கர், மணிக்கட்டு மடங்கும்போது ஒட்டிக்கொள்ளும் இரண்டு தகரத் தகடுகள், ஒரு சிறிய போர்டு. போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு.

‘மூளை இதுதான்’ என்றார் நண்பர். ‘ஆனா இதுக்குப் பேர் கிடையாது.’ வழக்கமான ஐ.சி.யின் முதுகில் எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணை வைத்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று வாங்கலாம். மலிவு பொம்மைகளில் அப்படியில்லை. சிலிக்கான் சில்லை நேரடியாகப் போர்டில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள். செலவு குறைகிறது. உள்ளே இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாமலும் போகிறது. அந்தச் சத்தம் அதற்குள்தான் எண்களாகப் பதிந்து கிடக்கிறது.

விலை கூடக்கூட உறுப்புகளும் கூடும். அசைவை உணரும் சென்சார் வைத்தால் கையை வீசும் வேகத்துக்கேற்ப சத்தம் மாறும். காந்தத்தை உணரும் சென்சார் வைத்தால் ஒரு துண்டு இன்னொன்றை நெருங்கியதும் விளக்கு எரியும். சின்ன சர்வோ மோட்டார்கள் தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கித் திறக்கும். 2005இல் இத்தாலியில் பிறந்த ‘ஆர்டுயினோ’ போர்டு வந்தபின், கறுப்புப் பொட்டுக்குப் பதிலாகத் தாங்களே நிரல் எழுதிக்கொள்ளும் ரசிகர்களும் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

3

இனி ‘மூலம்’ என்று நாம் நம்புவதைப் பார்ப்போம். நகல் வெளிச்சம் தருகிறது, சத்தம் போடுகிறது. சரி, மூலப் பொருள் என்ன செய்தது? பெரும்பாலும் ஒன்றுமே செய்யவில்லை.

1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாளை எடுத்துக்கொள்வோம். நாயகன் கையிலிருந்த வாளின் பிடி பழைய பத்திரிகைக் கேமரா ஒன்றின் ஃபிளாஷ் கைப்பிடி. சில காட்சிகளில் ஒளியைத் திருப்பியடிக்கும் பூச்சு பூசிய கழியை மோட்டார் வைத்துச் சுழற்றியும் பார்த்தார்கள். திரையில் நாம் பார்த்த ஒளி, அனிமேஷன் கலைஞர்கள் ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்து சேர்த்தது. வாளின் ரீங்காரத்தை உருவாக்கியவர் பென் பர்ட் என்ற ஒலிக்கலைஞர். சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டி.வி. பிக்சர் டியூபின் இரைச்சலையும் கலந்து அதைச் செய்தார். ஃபிலிம் புரொஜெக்டர்கள் தியேட்டர்களைவிட்டுப் போய்விட்டன. அவற்றின் முனகல் மட்டும் பொம்மை வாள்களின் வயிற்றுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

‘அயர்ன் மேன்’ (2008) கவசத்தைச் செய்தது ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டுடியோ. அதன் உள்ளங்கையிலிருந்து பாயும் கதிர் கம்ப்யூட்டரில் சேர்த்தது. வின்ஸ்டன் அதே ஆண்டு இறந்தபின் அங்கிருந்த கலைஞர்கள் ‘லெகசி எஃபெக்ட்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம் ‘எந்திரன்’ (2010) படத்தின் ரோபோ உருவங்களில் வேலை செய்தவர்கள் இவர்கள்தான். ஆக, தள்ளுவண்டிக் கையுறையும் நம்ம ஊர்ச் சிட்டியும் ஒரே பட்டறையின் வழிவந்தவர்கள், ஒருவகையில் பங்காளிகள்!

எனவே, இங்கே நகல் மூலத்தைவிட அதிகம் செய்கிறது. ஆர்ட் டிபார்ட்மெண்ட்காரர்கள் ‘ப்ராப்பர்ட்டி’ என்று சொல்லும் அந்தப் பொருள் வெறும் கூடு. நகல்தான் படம் சொன்ன பொய்யை மெய்யாக்குகிறது. வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதியபோது, இயந்திர மறுஉற்பத்தியில் மூலத்தின் ஒளிவட்டம் கரைந்துபோகிறது என்றார். இங்கே ஒளிவட்டத்தையே பேட்டரி போட்டு விற்கிறார்கள். மூலமே இல்லாத நகல்களின் உலகம் என்று போத்ரியார் (1981) சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது என்று தோன்றும்.

ஆனால் நான் போத்ரியாரோடு அங்கே நின்றுவிடத் தயாராக இல்லை. மூலம் இல்லை என்பது பாதி உண்மைதான். மூலப் பொருள் என்ற ஒன்று இல்லாமல் இருக்கலாம். மூல உழைப்பு இருந்தது. சட்டகம் சட்டகமாக வரைந்த கைகள், புரொஜெக்டர் அருகே மைக் பிடித்த கை, கவசத்தை வார்த்த கை. அத்தனையும் கறுப்புப் பொட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ‘எல்லாம் பாவனை’ என்று சொல்லி முடிப்பது அந்தப் பிசினை நாமும் ஒரு கரண்டி ஊற்றுவதுபோல. பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 2020 பிப்ரவரி 19 இரவு, ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பாவனை உலகத்திலும் இரும்பு விழுந்தால் மனிதர்கள் நிஜமாகத்தான் சாகிறார்கள்.

4

இந்தப் பொருள்களை விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘ஊடாட்டம்’. நீ வெறும் பார்வையாளன் இல்லை, பங்கேற்பாளன். கையை மடக்கு, அது பதில் சொல்லும் என்கிறார்கள். இது உரையாடலா?

தங்கையின் ஊர்ப்பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். கூத்தில் கிரீடமும் புஜக்கட்டைகளும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைவு, மேலே ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் விளக்கு கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் வெளியிலிருந்து வருகிறது. ஆடுபவர் சுற்றும்போது சில்லுகள் அதை வாங்கிக் கூட்டத்தின் முகத்தில் அடிக்கின்றன. எந்தச் சில்லு எப்போது மின்னும் என்பது உடம்பின் அசைவையும் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பொறுத்தது. கட்டியக்காரன் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முன்வரிசையில் யாராவது குரல் கொடுத்தால் கதையை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொல்வான். ராஜாவையும் கிண்டல் செய்வான், ஊர்ப் பெரிய மனுஷனையும் விடமாட்டான்.

கையுறையின் பதில்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. நம்முடையது மூன்று சத்தம். விலை உயர்ந்ததில் முப்பது இருக்கலாம். நீ என்ன கேட்டாலும் அது முன்பே எழுதிய பதிலைத்தான் சொல்லும். பேசுவது நீயல்ல, உன் மணிக்கட்டைக் கருவியாக வைத்துப் படக்கம்பெனி தன் வசனத்தைத் தானே சொல்லிக்கொள்கிறது. இதைத் தூண்டல், எதிர்வினை என்று சொல்லலாம், ஊடாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காகக் கையுறை மாட்டிய பையனின் சந்தோஷம் பொய் என்றும் சொல்லமாட்டேன். என் மகன் அந்தக் கையை நீட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றபோது அவனுக்கு ஊரே தெரிந்தது. பிரச்சினை சந்தோஷத்தில் இல்லை. அது பூட்டப்பட்டிருப்பதில்தான்.

5

இப்போது அந்த இன்னொரு கைப்பொருள். சிப்புகளைக் கையாளும் தொழிற்சாலைகளில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதிலிருந்து சுருள் வயர் ஒன்று மேசைக்குப் போய் எர்த்தோடு சேரும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. ஏறத்தாழ 3000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் நமக்குச் ‘சுருக்’கென்று தெரியும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே செத்துப்போகும். அதனால் உடம்பிலுள்ள மின்னைச் சேரச்சேர மண்ணுக்கு இறக்கவேண்டும். வயரில் பத்து லட்சம் ஓம் தடை ஒன்றும் உண்டு. தவறி லைன் மின்சாரத்தைத் தொட்டால் உயிர்ச்சேதம் வராமல் இருக்க அது. ஷிப்டு தொடங்கும்போது பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு சோதனைக் கருவியைத் தொடவேண்டும். ‘பச்சை வந்தாத்தான் லைனுக்கு விடுவாங்க. சிவப்பு வந்தா நின்னுக்கணும்’ என்றாள் தங்கை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் மணிக்கட்டில் மாட்டுபவை. இரண்டும் உடம்பைச் சுற்றோடு இணைப்பவை. இரண்டும் விளக்கால் பதில் சொல்பவை. கையுறை உன் உடம்பே சக்தியின் ஊற்று என்று சொல்கிறது. பட்டையோ உன் உடம்பு ஆபத்து, உன்னிடமிருந்து சிப்பைக் காப்பாற்றவேண்டும் என்கிறது. முன்னது நுகர்பவனுக்கு, பின்னது செய்பவளுக்கு. ஒரே எலெக்ட்ரானிக்ஸ் தொழிலின் இரண்டு முனைகள் இவை. நடுவில் இருப்பதைத்தான் கறுப்புப் பொட்டு மறைக்கிறது.

பட்டை தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. அது இல்லாமல் வேலை நடக்காது. நான் கேட்பது, எதைச் சோதிக்கக் கருவி இருக்கிறது, எதற்கு இல்லை என்பதை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிக்கு அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. என் தங்கை வேலை செய்வது வேறொரு கம்பெனி. அவள் விடுதிச் சோற்றைப் பற்றியும் அவளிடம் சொல்ல நிறைய இருக்கிறது. உடம்பின் மின்னை அளக்க வாசலிலேயே கருவி உண்டு. அந்த உடம்புக்குள் போகும் சோற்றுக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

6

கவசம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஒன்று உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படைவீரர்களின் வெள்ளைத் தலைக்கவசங்களை 1976இல் பிளாஸ்டிக்கில் வார்த்துக்கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர். 2004 முதல் அவரே நகல்களை விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. பிரிட்டன் உச்சநீதிமன்றம் 2011இல், அந்தக் கவசம் சிற்பம் அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட பொருள் என்று சொல்லி அந்நாட்டுப் பதிப்புரிமையை மறுத்தது. கூடவே, அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக அவரை அங்கேயே விசாரிக்கலாம் என்றும் சொன்னது. தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. என்றாலும், கலைப்பொருள் என்றால் கம்பெனிக்கு, கருவி என்றால் செய்தவனும் செய்யலாம் என்ற அந்தப் பிளவு நமக்கு முக்கியம். நாம் கருவியின் பக்கம் நிற்கவேண்டும்.

பொம்மையில் இரண்டு பூட்டுகள் உண்டு. பேட்டரி மூடியின் திருகாணி குழந்தைக்காக; பட்டன் செல்லை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். அந்தப் பூட்டு இருக்கட்டும். கறுப்புப் பிசின் குழந்தைக்காக ஊற்றியதல்ல. எஸ்டேட் நண்பர் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கவில்லை. அதற்குப் போகும் வயர்களை வெட்டினார். தங்கை கேட்டபடி பச்சையும் சிவப்புமாக இரண்டு எல்.ஈ.டி. வைத்து, இரண்டு விரல்களுக்கு இரண்டு ஸ்விட்ச் சால்டர் செய்து கொடுத்தார். அரை மணி நேர வேலை. மகனிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் கையுறையை எடுத்துப் போனாள்.

அடுத்த வாரம் வந்தபோது சொன்னாள்: ‘ரூமே சிரிச்சுதுண்ணா. சாம்பார் மேல காட்டினேன், சிவப்பு. தண்ணி டேங்க்ல காட்டினேன், சிவப்பு. வார்டன் அக்கா வந்தாங்க, பச்சைய போட்டுட்டேன். அதுக்கும் சிரிச்சாங்க.’ பிறகு ஆளுக்கொரு தடவை மாட்டிக்கொண்டு, எது எதற்குச் சிவப்பு என்று தகராறே நடந்ததாம். கடைசியில் ஒருத்தி அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதியிருக்கிறாள்.

விளையாட்டுதான். சங்கம் அல்ல, போராட்டமும் அல்ல. ஆனால் யார் சோதிப்பது, யார் சோதிக்கப்படுவது என்பது ஒரு இரவு இடம் மாறியது. கட்டியக்காரன் கொஞ்ச நேரம் விடுதிக்குள் வந்துபோனான். கறுப்புப் பொட்டு சொல்லிக்கொடுக்காத பதில்கள் அந்த அறையில் பேசப்பட்டன. ஊடாட்டம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். கையுறை அங்கேயேதான் இருக்கிறது, மகன் வேறு கேட்கிறான். அந்தத் தாள் என்ன ஆகப்போகிறது என்பதை அவர்கள்தான் முடிவு செய்யவேண்டும். பொம்மையைப் பற்றி எழுதணுமா என்று கேட்ட நண்பரும் மற்ற தோழர்களும் இதைத் தொடர்ந்து விவாதிக்கலாம்.