இடையில் ஓர் அமைதி

சென்னையானாலும் புனேயின் ஏரவாடாவானாலும், ஒரு வாய் ரத்த வாந்தி என்றால் நம்மவர்களுக்கு அல்சர் நினைவுதான். மார்பிலுள்ள பெருந்தமனியின் வீக்கத்துக்கு ஸ்டென்ட் (இதய ஸ்டென்ட் அல்ல) வைத்துக்கொண்டவர்கள் அப்படி இருந்துவிடக் கூடாது. அபூர்வமாக, மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட, ஸ்டென்ட்டை ஒட்டிய உணவுக்குழாய் அரித்துத் துளை விழலாம். நெஞ்சுவலி, கொஞ்சம் ரத்தம், பிறகு சில மணி நேரமோ நாட்களோ அமைதி, அப்புறம் உயிர் குடிக்கும் ரத்தப்பெருக்கு. 1914-லேயே ஹான்ஸ் கியாரி விவரித்த வரிசை இது. விடாத காய்ச்சலும் அறிகுறியாகலாம்.

அவசரத்துக்கு இன்னொரு ஸ்டென்ட் ரத்தத்தை நிறுத்தும். உணவுக்குழாயிலிருந்து புகும் கிருமிகளை நிறுத்தாது. தொற்றிய ஸ்டென்ட்டையும் கெட்டுப்போன உணவுக்குழாயையும் அகற்றுவதே முழுச் சிகிச்சை. அதை எல்லா உடலும் தாங்காது. எப்படியும், அந்த அமைதி கலைவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லி, உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.