டிஎம்டி ‘பாசிட்டிவ்’: பாதி பதில் இயந்திரத்திடம், மீதி உங்களிடம்

மார்ச் 31 நெருங்குகிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் உடல் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்பதால், ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் விளம்பரங்கள் களைகட்டியிருக்கின்றன. பின்னாலேயே எனக்குக் கடிதங்களும் வருகின்றன. பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றியவை. டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் சோதனை) ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பாசிட்டிவ்’ என்று இருக்கிறது, உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை, என்ன செய்வது? சிலருக்கு நேர்மாறு: ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’, ஆனால் மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது. வரிச் சட்டம் இதைத் தடுப்புப் பரிசோதனை என்கிறது. எந்தப் பரிசோதனையும் நோயைத் தடுப்பதில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பதில் கேட்கப்படுகிற ஆளைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது என்பதை எந்தப் பேக்கேஜ் நோட்டீஸும் சொல்வதில்லை.

‘பாசிட்டிவ்’ என்றால் இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருளல்ல. நடக்கும்போதோ நடந்து முடித்ததுமோ, ஈசிஜியில் எஸ்டி எனப்படும் பகுதி படுக்கைவாட்டிலோ கீழ்நோக்கிச் சரிந்தோ 1 மில்லிமீட்டர் இறங்கியது என்று மட்டுமே பொருள். ஈசிஜி தாளில் அது ஒரு சின்னக் கட்டம். நோய்க்கும் நலத்துக்கும் நடுவே இயற்கை கிழித்த கோடல்ல அது. மருத்துவர்கள் வசதிக்காகப் போட்ட கோடு. 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் நலமானவர்கள் மாட்டுவது குறையும், நோயாளிகள் தப்புவது கூடும். 1989இல் ஜியான்ரோஸியும் சகாக்களும் சுமார் 24,000 பேரை உள்ளடக்கிய 147 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயுள்ளவர்களில் 68 சதவீதத்தினரை இந்தச் சோதனை பிடித்தது. நோயற்றவர்களில் 77 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது. இந்த இரண்டு எண்களிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

நெஞ்சுவலி எதுவும் இல்லாத, சலுகைக் கட்டணத்துக்காக வந்த 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 5 சதவீதத்தினருக்கு இதயத் தமனியில் குறிப்பிடத்தக்க அடைப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், நோயுள்ளவர்கள் 50 பேர். சோதனை பிடிப்பது 34 பேரை. நலமான 950 பேரில் 23 சதவீதம், அதாவது ஏறக்குறைய 219 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ விழும். மொத்தம் 253 பேர் கலங்கி நிற்பார்கள். உண்மையில் அடைப்புள்ளவர் ஏழில் ஒருவர்கூட இல்லை. அதே இயந்திரத்தில், அதே 1 மில்லிமீட்டர் கோட்டுடன், நோய் இருக்க 50 சதவீத வாய்ப்புள்ள 1,000 பேரை ஏற்றினால் 455 ‘பாசிட்டிவ்’களில் 340 உண்மையானவை. நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிற, சர்க்கரையும் புகைப்பழக்கமும் உள்ள முதியவர்கள் 1,000 பேருக்கு வாய்ப்பு 90 சதவீதம் என்று கொண்டால், ‘நெகட்டிவ்’ வாங்குகிற 365 பேரில் 288 பேருக்கு அடைப்பு இருக்கும். நல்ல செய்தி என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஐந்தில் நால்வர்! தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கணக்கு இது. அவர் மறைவுக்குப் பிறகு 1763இல் வெளிவந்தது. 1979இல் டயமண்டும் ஃபாரஸ்டரும் வயது, பாலினம், வலியின் தன்மை மூன்றையும் இந்தக் கணக்கில் பொருத்தி, சோதனைக்கு முன்பே ஒருவருக்கு உள்ள வாய்ப்பை மதிப்பிட வழி சொன்னார்கள். ரிப்போர்ட்டில் இந்த முன்வாய்ப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பதே என் புகார்.

68, 77 என்ற எண்களே பழையவை, அவற்றை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய ஆய்வுகள் பலவற்றில், டிஎம்டியில் ‘பாசிட்டிவ்’ ஆனவர்களே அதிகமாக ஆஞ்சியோகிராமுக்குப் போனார்கள். தேர்வுத்தாளைத் திருத்துகிறவரே யார் தேர்வெழுதலாம் என்று தீர்மானித்த கதை. 1998இல் ஃபிரோலிகர் குழு, இரண்டு சோதனைகளுக்கும் முன்கூட்டியே சம்மதித்த 814 ஆண்களை ஆராய்ந்தபோது எண்கள் 45, 85 என்று மாறின. அவற்றை அதே 5 சதவீதக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்: 165 ‘பாசிட்டிவ்’களில் உண்மையானவை சுமார் 23. மறுபடியும் ஏழில் ஒன்றுதான். எண்கள் மாறினாலும் முடிவு அசையவில்லை.

ஏழில் ஒருவரைக் காப்பாற்றினாலும் லாபம்தானே என்பது மருத்துவமனைகளின் வாதம். பிடிபடுவதும் காப்பாற்றப்படுவதும் ஒன்று என்றால் அது சரி. மற்ற ஆறு பேருக்கு சிடி ஸ்கேன், கதிர்வீச்சு, சாயமருந்து, சிலருக்கு ஆஞ்சியோகிராம், எல்லோருக்கும் தூக்கமற்ற இரவுகள். ஏழாமவருக்கும் உடனே ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடும் என்று சொல்லிவிட முடியாது. 2020இல் வெளியான ‘இஸ்கிமியா’ ஆய்வில், நிலையான இதய நோயும் மிதமான அல்லது தீவிர ரத்த ஓட்டக் குறைவும் உள்ள 5,179 பேரில், மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் முதலிலேயே செய்தது மாரடைப்பையோ மரணத்தையோ கணிசமாகக் குறைக்கவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. இடது பிரதானத் தமனி அடைப்புள்ளவர்கள் அந்த ஆய்விலேயே இல்லை. அறிகுறியற்ற, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு ஈசிஜி வழியே சல்லடை போட வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் மீண்டும் சொன்னது. ஏற்கெனவே இதய நோய் கண்டறியப்படாதவர்களின் நெஞ்சுவலிக்குக் காரணம் கண்டுபிடிக்க இச்சோதனையை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2010இலேயே சொல்லிவிட்டது.

அதற்காக டிஎம்டியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதன் உயிர் கடைசி வரியில் இல்லை, யாரும் படிக்காத நடுவரியில் இருக்கிறது: எத்தனை நிமிடம், எத்தனை மெட் (உடல் உழைப்பை அளக்கும் அலகு). புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 9 நிமிடம் தாக்குப்பிடித்தால் ஏறக்குறைய 10 மெட். 2002இல் மயர்ஸ் குழு 6,213 ஆண்களை ஆராய்ந்ததில், கூடுதலாக எட்டப்பட்ட ஒவ்வொரு மெட்டுக்கும் உயிர்வாழும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது. ஆபத்தைக் கணிக்கும் டியூக் மதிப்பெண்ணையும் நீங்களே போடலாம்: நடந்த நிமிடங்களிலிருந்து எஸ்டி மில்லிமீட்டரின் 5 மடங்கைக் கழியுங்கள், நெஞ்சுவலி வந்திருந்தால் 4, வலியால் நிறுத்தியிருந்தால் 8 கழியுங்கள். 5 அல்லது அதற்கு மேல் குறைந்த ஆபத்து; மைனஸ் 11 அல்லது அதற்குக் கீழே அதிக ஆபத்து. வலியில்லாமல் 11 நிமிடம் நடந்து 1 மில்லிமீட்டர் இறங்கியவரின் கணக்கு 6. கடைசி வரியில் அவரும் ‘பாசிட்டிவ்’தான்.

மற்ற கேள்விகள்.

இலக்குத் துடிப்பை எட்டவில்லை, ‘இன்கன்க்ளூசிவ்’ என்கிறார்கள்: 220 கழித்தல் வயது என்பது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்பின் இருக்கும்.

பெண்களுக்கு? பொய்யான ‘பாசிட்டிவ்’ அதிகம்.

பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா? எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

‘நெகட்டிவ்’ என்றால் மாரடைப்பு வராதா? வரலாம், ஓட்டத்தைத் தடுக்காத சிறு படிவு வெடித்தும் மாரடைப்பு வரும், அதை டிஎம்டி காணாது.

வரிச் சலுகைக்கு டிஎம்டி கட்டாயமா? இல்லை, சர்க்கரை, கொழுப்பு பார்த்த ரசீதும் போதும்.

சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது, டிஎம்டி எடுக்கலாமா? கூடாது; 108ஐ அழையுங்கள்.