பெட்டிப் படமும் அதன் அளவும்

கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும், அதன் சரக்கு சந்தைக்குச் செல்லும்போது ஓர் உறையோ பெட்டியோ அவசியமாகின்றது. மயிலாடும்பாறை, வருசநாட்டுப் பக்கத்துத் தேங்காயும் இலவம் பஞ்சும் சாக்கிலேயே லாரி ஏறிவிடும் என்பது உண்மை. ஆயினும் அதே தேங்காயை எண்ணெயாக்கிப் புட்டியில் அடைத்து விற்க முற்படுவோருக்கும், சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் சேலை நெய்வோருக்கும், 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பயிரிடுவோருக்கும் அச்சிட்ட அட்டைப் பெட்டி வேண்டியிருக்கிறது. பெட்டியின் அளவு பிசகி அச்சாகிவிட்டால் அத்தனை அட்டையும் பழைய காகிதக் கடைக்கே போகும். நஷ்டமோ சங்கக் கணக்கில், அதாவது அங்கத்தினர் கணக்கில், ஏறும். இப்பிசகு பெரும்பாலும் எங்கே நேர்கிறது என்பதை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

ஒரு பெட்டிக்கு இரண்டு கைகள் படம் வரைகின்றன. பெட்டி செய்பவர், அட்டையை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் வெட்டுப்படத்தைக் கணிப்பொறியில் ஆட்டோகேட் போன்ற ‘கேட்’ மென்பொருளில் வரைகிறார். ஓவியர் அப்படத்தைப் பெற்று, அதன்மேல் பூவேலையையும் சங்கத்தின் பெயரையும் கோரல் ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகியவற்றுள் ஒன்றில் அமைக்கிறார். முன்னது இயந்திரம் செய்வோருக்காக ஏற்பட்டது. கோட்டின் நீளமே அதற்குப் பிரதானம். பின்னது அச்சு வேலைக்காக ஏற்பட்டது. காகிதத்தில் தோன்றும் அழகே அதற்குப் பிரதானம். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு செல்லும்போது உருவம் சரியாகவே வந்து சேரும். அளவு மட்டும் வழியில் மாறிவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதே இதிலுள்ள அபாயம்.

இப்படிக் கொண்டுசெல்லும் கோப்பு வகைகளில் மிகவும் வழக்கிலுள்ளது டி.எக்ஸ்.எஃப். 1982-ஆம் ஆண்டு ஆட்டோகேட் முதன்முதலில் வெளிவந்தபோதே இதுவும் வந்தது. இதில் கோட்டின் நீளம் 360 என்று எண்ணாக மட்டுமே எழுதப்பட்டிருக்கும். 360 மில்லிமீட்டரா, 360 அங்குலமா என்பதைச் சொல்லும் குறிப்புக் கோப்பின் தலைப்பகுதியில் தனியே இருக்க வேண்டும்; பழைய பதிப்புகளில் அதுவும் இல்லை. குறிப்பு இல்லாதவிடத்துத் திறக்கும் மென்பொருள் தானே ஓர் அலகை அனுமானித்துக்கொள்கிறது. சேலைப் பெட்டியின் மூடி 360 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அங்குலம் என்று அனுமானித்தால் அது 30 அடி நீளமாகிவிடும். அச்சுக்காரரின் ‘பாயிண்ட்’ என்று அனுமானித்தால், 72 பாயிண்ட் ஓர் அங்குலமாதலால், 127 மில்லிமீட்டராகச் சுருங்கும்.

இவை பெரும் பிழைகள், யாரும் கண்டுகொள்வர். சிறு பிழையே ஆளை ஏமாற்றுவது. எஸ்.வி.ஜி. என்னும் கோப்பு வகையில் அளவைப் புள்ளிக் கணக்கில் எழுதுவதுண்டு. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கொள்வது இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கம். இங்க்ஸ்கேப் முன்பு 90 என்று கொண்டிருந்தது. 2017-இல் வெளியான 0.92 பதிப்பிலிருந்து 96 என்று மாற்றிக்கொண்டது. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தால் அளவை என்ன செய்வது என்று ஒரு கேள்வி திரையில் வரும். அதைப் படியாமல் தள்ளிவிட்டால் 360 மில்லிமீட்டர் மூடி 337.5 ஆகக் குறைந்து நிற்கக்கூடும். திரையில் பார்த்து இதை எவராலும் சொல்ல முடியாது. சேலையை மடித்து உள்ளே வைக்கும்போதுதான் தெரியும்.

பரிகாரம் எளிது. வெட்டுப்படம் வரைபவர், படத்துக்கு வெளியே ஓரமாகச் சரியாக 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டையும் வரைந்து அனுப்ப வேண்டும். பெற்றவர் முதல் வேலையாக அக்கோட்டை அளக்க வேண்டும். 2540 என்று வந்தால், மில்லிமீட்டரை அங்குலம் என்று கொண்டதாகப் பொருள். 35.28 வந்தால் பாயிண்ட் என்று கொண்டிருக்கிறது; 26.46 வந்தால் அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கு. 75 வந்தால் 72-க்கும் 96-க்கும் உள்ள வேற்றுமை; 93.75 வந்தால் நாம் மேலே சொன்ன இங்க்ஸ்கேப் விவகாரம். நோய் எதுவாயினும் மருந்து ஒன்றே: 100-ஐ அளந்து கண்ட எண்ணால் வகுத்து, மீண்டும் 100-ஆல் பெருக்கி, அத்தனை சதவிகிதத்துக்குப் படம் முழுவதையும் ஒருங்கே மாற்றுவது. 75 வந்திருந்தால் 133.33 சதவிகிதம். சுட்டியால் மூலையைப் பிடித்து இழுத்துக் கண்ணளவில் சரிசெய்வதைச் சில ஓவியர்கள் கைத்திறமை என்று கருதுகின்றனர். அது திறமையன்று.

இனி வேறு இரண்டு தொல்லைகள். கோடுகளின் முனைகள் மூலையில் ஒன்றோடொன்று முட்டாமல் மயிரிழை விட்டு நின்றால், அவ்வுருவம் மூடிய உருவமாகாது; வண்ணம் நிரப்பினால் நிரம்பாது. முனைகளை இணைத்துவிட வேண்டும். தமிழ் எழுத்தோ யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால், மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக மாறி நிற்கும். எழுத்தை வளைகோடாக மாற்றி அனுப்பினால் இத்துன்பம் இல்லை. ஆனால் பின்னர் எழுத்துப் பிழையைத் திருத்த இயலாதாகையால், மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்வது அவசியம்.

நெசவாளருக்கு இவ்விஷயம் புதிதன்று. ஓவியர் வரைந்த மாங்காய் தறிக்குச் செல்லுமுன் கட்டத்தாளில் ஏறியாக வேண்டும், கணிப்பொறியிலும் அவ்வாறே. குறுக்கே ஒரு கட்டம் ஒரு பாவு இழை, நெடுக்கே ஒரு கட்டம் ஓர் ஊடை இழை. அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 என்றால், ஓர் அங்குலச் சதுர மாங்காய்க்கு 80-க்கு 60 கட்டம் வேண்டும். 80-க்கு 80 என்று சதுரக் கட்டத்தில் மாற்றிவிட்டால், தறியில் அது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் நீண்டு, மாங்காய் முருங்கைக்காயாகிவிடும். படத்தின் குறுக்குக் கட்டங்களும் ஜக்கார்டின் கொக்கிகளுக்குப் பொருந்த வேண்டும்; 240 கொக்கிக்கு 250 கட்டம் வரைந்தால் எஞ்சிய பத்துக்குத் தறியில் இடமில்லை.

நிர்வாகக் குழுவினர் பெட்டிக்கு உத்தரவு கொடுக்குமுன், திரையில் காட்டும் படத்தைப் பார்த்துக் கையொப்பமிடலாகாது. உண்மை அளவில் காகிதத்தில் எடுத்த பிரதியைக் கேட்க வேண்டும். அச்சு இயந்திரத்தில் ‘தாளுக்குப் பொருத்து’ என்னும் குறி இருந்தால் அதை நீக்கச் சொல்ல வேண்டும். அது தன் பங்குக்குப் படத்தைச் சுருக்கிவிடும். வந்த பிரதியில் 100 மில்லிமீட்டர் கோட்டின்மேல் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலை வைத்துப் பார்த்துப் பின், காகிதத்தை வெட்டி மடித்துப் பெட்டியாக்கி, சங்கத்துச் சேலை ஒன்றை அதில் வைத்து மூடிப் பார்க்க வேண்டும்.