கடிகாரம் முந்தும் தீர்ப்பு

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2001 நவம்பரில் தொடங்கிய ‘24’ எனும் நாடகத் தொடர், ஜாக் பாயர் என்ற பயங்கரவாத எதிர்ப்பு அதிகாரியை மையமாகக் கொண்டது. ஒரு பருவத்திற்கு 24 பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் ஒரே நாளின் ஒரு மணி நேர நிகழ்வு. இடையிடையே திரையில் கடிகாரம் தோன்றி நேரத்தை எண்ணும்.

2005இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தில் இரு குடும்பங்கள் பிளவுறுகின்றன. ஒன்று, மத்தியக் கிழக்கைப் பூர்விகமாகக் கொண்ட அராஸ் குடும்பம். சதிக்காகத் தன் மகனையே கொல்லத் துணிகிறான் தந்தை. தாய் மகனைக் காக்க முனைகிறாள். முடிவில் மகனின் கையாலேயே தந்தை மடிகிறான். மற்றொன்று, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரின் குடும்பம். ஐயத்தின் பேரில் அவருடைய மகனையே அரசு அதிகாரிகள் வதைத்து விசாரிக்கின்றனர்.

அண்டை வீட்டு முஸ்லிமைச் சதிகாரனாகப் பார்க்கத் தூண்டும் சித்திரிப்பு என்று அமெரிக்க – இஸ்லாமிய உறவுகள் பேரவை ஆட்சேபித்தது. அதன்பின், அமெரிக்க முஸ்லிம்களும் பயங்கரவாதத்தைக் கண்டிப்பவர்களே என்ற அறிவிப்பு, கதாநாயகன் கீஃபர் சதர்லேண்டின் குரலிலேயே ஒளிபரப்பானது.

இந்த ஆட்சேபம் நியாயமானதே. எனினும் இதைவிட ஆழமான பிரச்சினை அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெறுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. ‘தபய்யுன்’ எனப்படும் இத்தெளிவுக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைப் பறிப்பதன் மூலமே இத்தொடர் தன் விறுவிறுப்பைப் பெறுகிறது. அவகாசம் போனபின் எஞ்சுவது ஐயமும் வதையும்தாம்.

கதையில் வதைபட்டவன் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவான்; ஏனெனில் உண்மை எதுவென்பது கதாசிரியருக்கு முன்பே தெரியும். விசாரணை அதிகாரிக்கோ அது தெரியாது. பசி, அடி, விலங்கு ஆகியவற்றுக்கு ஆளானவன் தனக்கு எதிராகச் சொல்வதையும் நம்புவதற்கில்லை என்ற கருத்து உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்பட்டுள்ளது. வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்பதே ஃபுகஹாக்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு.

பிற்கால நிகழ்வுகளும் இதனை மெய்ப்பித்தன. 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் கல்விப் பொறுப்பாளர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், தொடரின் தயாரிப்புக் குழுவினரை நேரில் சந்தித்து, வதைக் காட்சிகள் தம் மாணவர்களைத் தவறாக வழிநடத்துவதாக முறையிட்டார். அமெரிக்க உளவுத்துறையின் வதை முறைகள் தகவல் பெறப் பயனளிக்கவில்லை என்று 2014இல் வெளியான செனட் குழுவின் அறிக்கை முடிவு கூறியது.

தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எனவே சதி செய்யும் தந்தைக்குத் துணைபோக மகனுக்கு அனுமதியில்லை. அதே நீதிதான், விசாரிக்காமல் அண்டை வீட்டாரைக் குற்றவாளியாக்கும் உரிமையையும் எவருக்கும் வழங்கவில்லை. இத்தகைய தொடர்களைக் காணும் நம் இளைஞர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.