கிணற்று நீரை மேலே ஏற்றுவது எது?

கிணற்று மேட்டில் ஓடும் மோட்டார் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தை அது குறைக்கிறது. வெளிக்காற்றுதான் நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றின் அந்த வலு சுமார் 10 மீட்டருக்கு மேல் செல்லாது. நடைமுறையில் 7 மீட்டர்தான். அதனால்தான் நீர்மட்டம் இறங்கினால் மோட்டாரையும் இறக்க வேண்டியிருக்கிறது.

இந்த உயரம் போதாத ஆழ்துளைக் கிணற்றில் கம்ப்ரசர் நீருக்குள் காற்றைச் செலுத்தும். குமிழிகள் கலந்து கனம் குறைந்த நீர் மேலெழும். ஆனால் மின்சாரம் அதிகம் செலவாகும். சப்மெர்சிபிள் பம்பு நீருக்குள்ளேயே இருந்து, அடுக்கடுக்கான இம்பெல்லர் எனும் சுழல் சக்கரங்களால் நீரை மேலே தள்ளும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்தும் ஏற்றும். தண்ணீரின்றி ஓடினால் மட்டும் சூடேறிப் பழுதாகிவிடும்.

எனவே பம்பு வாங்கும் முன், கோடைக்கால நீர்மட்டத்தை அவசியம் அளந்துகொள்ளுங்கள்.