செவியில் ஒலிக்கும் கீதம் நாவிலும் ஒலிக்கட்டும்



பாடல் கேட்பது கர்த்தர் எனக்கு அருளிய இன்பங்களில் ஒன்று. ஒலிநாடாக்கள் நிறைந்த மரப்பெட்டி ஒன்று இன்றும் என் அறையில் உண்டு. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், எங்கள் தலைமுறைக்குச் சங்கீதப் பள்ளியாகவே விளங்கிற்று. பக்கத்திற்கு முப்பது நிமிடம் ஓடும். ஒரு பாடலைத் தாண்டிச் செல்வது எளிதன்று. ஆகவே முதற்பாடல் தொடங்கி கடைசிப் பாடல் மட்டும் கேட்டோம். நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றினோம். வீட்டிற்கு ஒரே டேப் ரெக்கார்டர் என்பதால், தகப்பன் கேட்டதையே பிள்ளையும் பாட்டியும் கேட்டார்கள்.

என் பெட்டியில் முதலிடம் பெறுபவை, கத்தோலிக்கக் குருவாயிருந்த எஸ். ஜே. பெர்க்மான்ஸ் அவர்கள் பாகம் பாகமாக வெளியிட்ட 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்'. எளிய சொற்கள், வேத வசனத்தை ஒட்டிய வரிகள், இருமுறை கேட்டால் சபையார் கைதட்டிப் பாடக்கூடிய மெட்டு ஆகியவை அவற்றின் சிறப்பு. அடுத்தது, தாமே இயற்றித் தாமே பாடி, 2014-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்த சகோதரி சாராள் நவரோஜி அவர்களின் பாடல்கள். மூன்றாவது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற இக்கவிஞர், குறவஞ்சி என்னும் நம் நாட்டு வடிவத்திலேயே 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றிச் சுவிசேஷத்தைப் பாடினார்.

இனிய ராகம் மட்டுமே நல்ல பாடலின் அடையாளமல்ல. பாடப்படும் வார்த்தையைவிடப் பாடும் குரலே தம் உள்ளத்தை அதிகம் அசைக்கிறதோ என்று பரிசுத்த அகுஸ்தீன் தமது 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பாகத்தில் கலங்குகிறார். ஆயினும் சபையில் பாடுதலை அவர் விலக்கிவிடவில்லை. பாடல் முடிந்தபின் என் உள்ளத்தில் தங்குவது வசனமா, வாத்தியமா என்று நாமும் சோதித்துக்கொள்வது நலம்.

நான் ஊழியஞ்செய்யும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருவோம். 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இதை அமைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஜனங்கள் இங்கே கம்பெனிகளிலும், கடைகளிலும், கட்டட வேலைகளிலும் பிரயாசப்படுகிறார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோவும் ஓடத் தொடங்கிற்று. அதிலும் கம்பெனி வண்டியிலும் ஏறிப் பாருங்கள், காதுதோறும் இயர்போன்! எந்தப் பாடலும் விரல் நுனியில் கிடைப்பது தேவன் தந்த நன்மையே. ஆனால் ஒரே வீட்டில் நால்வர் நான்கு பாடல்களைத் தனித்தனியே கேட்கிறோம். அப்பாவை அழவைத்த பாடல் எதுவென்று பிள்ளைக்குத் தெரியாது.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலமும் கன்னடமும் வாசிக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் அநேகருக்கு இயலவில்லை. அவர்களுக்கும் தாத்தாவின் விசுவாசத்திற்கும் நடுவே மீந்திருக்கும் பாலம் பாடலே. அதுவும் இயர்போனுக்குள் அடங்கிவிட்டால், ஊர் திரும்பும்போது பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கப் பிள்ளைக்கு மொழி இராது.

மோசேயை நோக்கி, பாட்டை எழுதி இஸ்ரவேல் புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டார் (உபாகமம் 31:19). சந்ததியின் வாயில் அது மறக்கப்பட்டுப்போகாது என்று அதே அதிகாரம் உரைக்கிறது. 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைநூலை 1917-ல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தம் கல்வியை ஏட்டோடு நிறுத்தவில்லை. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய குமாரத்திகளே இசைத்து, தகப்பனாரின் ஆராய்ச்சியை விளக்கினார்கள்.

ஆகையால் ஒன்று செய்வோம். மாதத்திற்கு ஒரு பாடலைத் தெரிந்தெடுங்கள். இம்மாதம் அப்பாவுக்குப் பிரியமானது, அடுத்த மாதம் பாட்டிக்குப் பிரியமானது, அதன்பின் பிள்ளைகள் விரும்புவது. இரவு வேலைக்குச் செல்வோர் இருந்தால், குடும்ப ஜெபத்தைப் புறப்படுமுன் வையுங்கள். தமிழ் எழுத்து அறியாத பிள்ளை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளட்டும். பொருளை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். வருஷ முடிவில் பன்னிரண்டு பாடல்கள் உங்கள் வீட்டாரின் நாவில் இருக்கும்.

பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணச் சிறைச்சாலையில் நடுராத்திரியில் பாடினபோது அவர்கள் கையில் புஸ்தகம் இருந்ததாக வேதம் கூறவில்லை. உள்ளத்தில் இருந்ததே வாயில் வந்தது. நம் பிள்ளைகளுக்கும் ஒரு நடுராத்திரி வரக்கூடும். அந்நேரத்தில் பாட அவர்களுக்கு ஒரு பாடல் இருக்கும்படி, இன்றே கற்றுக்கொடுக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.