எல்லோரும் தலைகீழாக நிற்கலாமா?

ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிய சென்னை ஆசிரியர்

செல்போன் படத்தில் ஒரு வாலிபர் சிரசாசனம் செய்கிறார். அதைப் பார்த்து, "நாமும் செய்தால் என்ன?" என்று சுவர் ஓரமாகத் தலைகீழாக நிற்கிறார், 60 வயதுக்காரர். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. கழுத்து எலும்பு தேய்மானமும் உண்டு.

இது விபரீதம்!

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிரசாசனம் ஆகாது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

அப்படியானால் இவர்களுக்கு யோகாசனமே கிடையாதா? உண்டு. அதைச் செய்து காட்டியவர், கிருஷ்ணமாச்சாரியார்.

மைசூர் அரண்மனை

1888-ல் கர்நாடகத்தில் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜா ஆதரவில், ஜெகன்மோகன் அரண்மனையில் யோகாசனம் கற்றுக் கொடுத்தார். அங்கே வந்தவர்கள் துடிப்பான பையன்கள். தாவிக் குதித்து, மளமளவென்று ஆசனம் போட்டார்கள்.

1952-ல் சென்னையில் இருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர், பக்கவாதம் வந்த சட்ட நிபுணர். அவரைக் குதிக்கச் சொல்ல முடியுமா?

கிருஷ்ணமாச்சாரியார் சென்னையிலேயே தங்கிவிட்டார். வயது என்ன, வேலை என்ன, எங்கே வலி என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பாடம் சொன்னார். அவருடைய மகன் தேசிகாச்சார் என்ஜினீயருக்குப் படித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் பாடம் கேட்டார். 1976-ல் அப்பா பெயரில் சென்னையில் யோக மந்திரம் தொடங்கினார். அங்கேயும் ஒருவருக்கு ஒரு ஆசிரியர்தான். தேசிகாச்சார் 2016-ல் காலமானார்.

நாற்காலி போதும்

எப்படி மாற்றுவது? முதுகு பிடித்துக் கொண்டவர், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொண்டு குனியலாம். தரையில் உட்கார முடியாத பாட்டிக்கு நாற்காலி போதும். எழுந்து நிற்க முடியாதவரா? படுத்தபடியே, மூச்சை இழுக்கும்போது கையைத் தூக்கி, விடும்போது இறக்கலாம். அதுவும் ஆசனம்தான்.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது! போட்டோ எடுத்து மாட்ட முடியாது. ஆனால் அடுத்த நாளும் செய்யலாம்.

96 வயதில் கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (இதில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். எலும்பு முறிந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத் தானே வகுத்துக் கொண்டு செய்தார். 1989-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 100.